இலங்கைக் கடன் மறுசீரமைப்பு: கையெழுத்துகள் எந்த வரிசையில் விழுந்தன, ஏன் இவ்வளவு தாமதம்?

#1 ஏட்டுக்கணக்கு

"சீனக் கடன் பொறி" என்று ஓர் இழை, "ஐ.எம்.எஃப். சூழ்ச்சி" என்று இன்னோர் இழை. இரண்டும் நூறு பதிவுகளைத் தாண்டிவிட்டன, நடந்ததைத் தேதிவாரியாக யாரும் எழுதவில்லை. ஒரு வளரும் நாடு கையை விரித்தால், இன்றைய உலகத்தில் அந்த விவகாரம் யார் மேசைக்குப் போகிறது, யார் சம்மதித்தால் நகர்கிறது, யார் மௌனமாக இருந்தால் நின்றுபோகிறது? இலங்கையை வைத்தே பார்த்துவிடலாம்.

2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. மார்ச் இறுதியில் மத்திய வங்கிக் கணக்கு காட்டிய கையிருப்பு சுமார் 190 கோடி டாலர். அதில் ஏறக்குறைய 150 கோடி, சீன மத்திய வங்கியோடு செய்துகொண்ட யுவான் பரிமாற்ற ஏற்பாடு. மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால்தான் அதைத் தொடலாம் என்பது நிபந்தனை. உண்மையில் எடுத்துச் செலவழிக்கக்கூடியது 5 கோடி டாலர்கூட இல்லை என்று மே மாதத் தொடக்கத்தில் நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார்.

2022 செப்டம்பர் 1 அன்று ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) கடன் திட்டத்துக்கு அதிகாரிகள் மட்டத்தில் உடன்பாடு. நிர்வாக சபை ஒப்புதல் 2023 மார்ச் 20. இடையில் சரியாக 200 நாள். அந்த 200 நாளில் இலங்கை செய்யவேண்டிய வேலையில் பெரும்பகுதி உள்நாட்டில் முடிந்துவிட்டது: வரி ஏற்றினார்கள், மின்கட்டணம் ஏற்றினார்கள், எரிபொருள் விலையைச் செலவுக்கு ஏற்ப மாற்றினார்கள். மீதி இருந்தது வெளியிலிருந்து வரவேண்டிய கடிதங்கள்.

அந்தக் கடிதத்துக்குப் பெயர் நிதியளிப்பு உறுதி. "எங்களுக்கு வரவேண்டிய கடனை, உங்கள் கணக்கில் சொன்ன அளவுக்குத் தளர்த்தித் தருகிறோம்" என்று கடன் கொடுத்த அரசு ஐ.எம்.எஃப்-க்கு எழுதிக் கொடுப்பது. தாங்கமுடியாத கடனில் இருக்கும் நாட்டுக்கு நிதியம் பணம் தரக்கூடாது என்பது விதி. தந்தால் அந்தப் பணம் நேராகப் பழைய கடன்காரர்கள் பைக்குப் போய்விடும். அதனால் தளர்வு கிடைக்கும் என்ற உறுதி முதலில் வரவேண்டும். எவ்வளவு தளர்வு, என்னென்ன தேதி என்பதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

என் வாதம் இதுதான்: உலக ஒழுங்கு மாறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஜி20 படங்களைப் பார்ப்பதைவிட, இந்தக் கடிதங்கள் வந்த வரிசையைப் பார்ப்பது மேல்.

#2 வடமராட்சியான்

நல்ல தொடக்கம். யாருக்கு எவ்வளவு என்பதை முதலே போட்டுவிட்டால் பிறகு குழப்பம் வராது. மறுசீரமைப்புக்கு வந்த வெளிநாட்டுக் கடனைத்தான் சொல்கிறேன்.

சர்வதேச இறையாண்மைப் பிணைமுறிகள், அதாவது வெளிநாட்டு முதலீட்டாளருக்கு அரசு விற்ற டொலர்க் கடன்பத்திரங்கள், 12.55 பில்லியன் டொலர். சீன எக்சிம் (ஏற்றுமதி-இறக்குமதி) வங்கி 4.2 பில்லியன் அளவு. ஜப்பான், இந்தியா, பிரான்ஸ் தலைமையில் வந்த உத்தியோகபூர்வ கடன்வழங்குநர் குழுவுக்கு 5.8 பில்லியன், அதில் பெரிய பங்கு ஜப்பானுடையது. சீன அபிவிருத்தி வங்கிக்கு 3.3 பில்லியன்.

கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். எக்சிம், அபிவிருத்தி வங்கி இரண்டுமே சீன அரசின் வங்கிகள்தான். ஆனால் எக்சிம் "அரசுக் கடன்வழங்குநர்" வரிசையில் இருந்தது, அபிவிருத்தி வங்கி "வணிகக் கடன்வழங்குநர்" வரிசையில் பிணைமுறிக்காரர்களுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரே அரசு இரண்டு கதிரைகளில். ஸாம்பியாவிலும் சீன அபிவிருத்தி வங்கியை வணிகத் தரப்பு என்றே பெய்ஜிங் வாதாடியது. எந்தக் கதிரை என்பதைப் பொறுத்து நிபந்தனை, வேகம், வெளிப்படைத்தன்மை எல்லாம் மாறும்.

உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி, ஐ.எம்.எஃப். ஆகிய மூன்றின் கடனும் மறுசீரமைப்புக்குள் வரவில்லை. அவற்றுக்கு முன்னுரிமை. வங்குரோத்துக் காலத்திலும் அந்தத் தவணைகள் கட்டப்பட்டுக்கொண்டே இருந்தன.

அம்பாந்தோட்டை பற்றி ஒன்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பத்தாவது பதிவில் யாராவது கொண்டுவருவார்கள். 2017இல் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குப் போனது, 1.12 பில்லியன் டொலர் வந்தது. அந்தக் காசு துறைமுகக் கடனை அடைக்கப் போகவில்லை. வெளிநாட்டுக் கையிருப்பை நிரப்பத்தான் போனது. துறைமுகத்துக்கு எடுத்த எக்சிம் கடன் அப்படியே ஏட்டில் இருந்தது. "கடனுக்குப் பதிலாகத் துறைமுகத்தை எழுதி வாங்கினார்கள்" என்பது பிழை. குத்தகை நல்ல முடிவா என்பது வேறு கேள்வி, அதில் எனக்கு நிறையக் கோபம் உண்டு, ஆனால் கணக்கு கணக்குத்தான்.

#3 நொய்யல்

ஒரு சந்தேகம். சீனாதான் மிகப்பெரிய தனி நாட்டுக் கடன்காரர் என்றால் குழுவில் ஏன் உட்காரவில்லை? இந்தியா உட்கார்ந்ததே! இரண்டுமே பாரிஸ் கிளப்பில் உறுப்பினர் இல்லை என்றுதானே படித்திருக்கிறேன்.

#4 ஏட்டுக்கணக்கு

@நொய்யல் சரியான கேள்வி. கொஞ்சம் நீளமாகப் போகும்.

பாரிஸ் கிளப் என்பது கடன் கொடுத்த அரசுகள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் குழு. அதற்குச் சாசனம் கிடையாது, 1956இல் அர்ஜென்டினா விவகாரத்தில் தொடங்கிய வழக்கம். இன்று நிரந்தர உறுப்பினர் 22 நாடுகள். உள்ளே வந்தால் ஒரு நாடு தன் கடன் விவரத்தை மற்றவர்களுக்குக் காட்டவேண்டும், எல்லாரும் ஒரே முடிவில் நிற்கவேண்டும், தனியாகப் போய் நல்ல நிபந்தனை பேசிக்கொள்ளக்கூடாது. சீனாவுக்கு முதல் விதியே ஒத்துவராது. அதன் கடன் ஒப்பந்தங்களில் பலவற்றில் இரகசியக் காப்பு விதி இருக்கிறது. சிலவற்றில் "இந்தக் கடனைப் பாரிஸ் கிளப் மறுசீரமைப்புக்குள் கொண்டுபோகக்கூடாது" என்றே எழுதியிருக்கிறது.

2020 நவம்பரில் ஜி20 ஒரு பாலம் போட்டது: பொதுக் கட்டமைப்பு. சீனா, இந்தியா, சவுதி எல்லாரும் பாரிஸ் கிளப்போடு ஒரே மேசையில் உட்கார ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அது 73 ஏழை நாடுகளுக்கு மட்டும். இலங்கை கீழ்-நடுத்தர வருமான நாடு, பட்டியலில் இல்லை. அதனால் பாலத்தின் மேல் நடக்க உரிமையில்லை. தனியாக ஒரு மேசை போடவேண்டி வந்தது. 2023 ஏப்ரல் 13இல் ஜப்பான், இந்தியா, பிரான்ஸ் அறிவித்தது அந்தத் தற்காலிக மேசையைத்தான். 17 நாடுகள் சேர்ந்தன. சீனா பார்வையாளராக வந்து போனது, பேச்சுவார்த்தையைத் தனியாக நடத்தியது.

இப்போது கடிதங்கள். 2023 ஜனவரி நடுவில் இந்தியா முதலில் எழுதியது. அது வெறும் நல்லெண்ணம் இல்லை. 2022இல் இந்தியா கொடுத்தது மொத்தம் சுமார் 400 கோடி டாலர்: எரிபொருளுக்கு 50 கோடி, உணவுக்கும் மருந்துக்கும் 100 கோடி, 40 கோடி நாணயப் பரிமாற்றம், ஆசியத் தீர்வக ஒன்றியத்துக்கு (ஆசிய நாடுகள் வணிகப் பாக்கியைத் தமக்குள் தீர்த்துக்கொள்ளும் அமைப்பு) கட்டவேண்டியதைத் தள்ளிவைத்தது எல்லாம் சேர்ந்து. அவ்வளவு கொடுத்த நாடு திட்டம் தொடங்கவேண்டும் என்று நினைப்பது இயல்பு. முதலில் எழுதியதால் அடுத்த அழுத்தம் யார் மேல் விழும் என்பதும் டெல்லிக்குத் தெரியும்.

அதே ஜனவரியில் சீன எக்சிம் ஒரு கடிதம் தந்தது: 2022, 2023 இரண்டு ஆண்டுத் தவணையைத் தள்ளிவைக்கிறோம், பிறகு பேசுவோம். இது போதவில்லை. ஏன் என்றால், திட்டமே 48 மாதம். கடன் இலக்குகள் 2032 வரை நீள்கின்றன. இரண்டு வருடத் தள்ளிவைப்பு பணப்புழக்கத்துக்கு உதவும், கடன் சுமையைக் குறைக்காது. தள்ளிவைத்த தவணைமேல் வட்டியும் ஏறும். மார்ச் முதல் வாரத்தில் நிதியம் கேட்ட சொற்களோடு இரண்டாவது கடிதம் வந்தது. இரண்டே வாரத்தில் நிர்வாக சபை ஒப்புதல் கொடுத்தது.

அதாவது 200 நாளில் கடைசி ஏழெட்டு வாரம், ஒரே ஒரு கடிதத்தின் வாசகத்துக்காகக் கழிந்தது.

#5 பத்திரக்காரன்

அந்த இலக்குகளைச் சொல்லாமல் விட்டால் பின்னால் எதுவும் புரியாது. நான்கு எண்.

பொதுக்கடன் 2032க்குள் ஜிடிபியில் 95%க்குக் கீழே வரவேண்டும். 2027–32 காலத்தில் ஆண்டு மொத்த நிதித்தேவை (பற்றாக்குறையும் அந்த ஆண்டு திருப்பிக் கட்டவேண்டிய கடனும்) சராசரியாக ஜிடிபியில் 13%க்குக் கீழே. அதே காலத்தில் எந்த ஓர் ஆண்டிலும் வெளிநாட்டு நாணயக் கடன் தவணை ஜிடிபியில் 4.5%ஐத் தாண்டக்கூடாது. திட்டக் காலத்தின் வெளிநாட்டு நிதி இடைவெளி, சுமார் 17 பில்லியன் டாலர், அடைபடவேண்டும்.

95% என்பதே பெரிய கடன்தான். அதில் கொண்டுபோய் நிறுத்தினால் தாங்கும் என்று யார் முடிவு செய்தார்கள் என்றால், ஐ.எம்.எஃப். தன் கணக்கு முறையில் முடிவு செய்தது. கடன்காரர்கள் சண்டை போட்டதெல்லாம் அந்தக் கோட்டுக்குள்ளே யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதில்தான். கோட்டையே இறக்கு என்று சீனாவும் சொல்லவில்லை, இந்தியாவும் சொல்லவில்லை. இறக்கினால் இவர்களும் கூடுதலாக விடவேண்டியிருக்கும்.

#6 நொய்யல்

"அசலில் ஒரு டாலர்கூட வெட்டவில்லை" என்று அரசுகள் பக்கம் சொல்கிறார்கள், பத்திரக்காரர்கள் 27% வெட்டினார்கள் என்கிறார்கள். அப்படியானால் தனியார்தான் அதிகம் இழந்தார்களா? எல்லாக் கடன்காரரும் ஒரே அளவு விட்டுக்கொடுக்கவேண்டும் என்கிறார்களே, இது எப்படி அந்தச் "சமமான நடத்தை" ஆகும்?

#7 பத்திரக்காரன்

இதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அசல் வெட்டு ஒரு பகுதி மட்டும். வட்டியைக் குறைப்பதும் வெட்டுதான், தேதியைத் தள்ளுவதும் வெட்டுதான். மூன்றையும் ஒரே எண்ணாக்க நிகழ்கால மதிப்பு, அதாவது பின்னால் வரும் பணம் இன்று எவ்வளவு பெறும் என்று போடவேண்டும். கையில் கால்குலேட்டர் இருந்தால் கூடவே போடுங்கள். நான் எடுப்பது எளிமைப்படுத்திய உதாரணம். உண்மையான ஒப்பந்தத்தில் அசல் தவணை தவணையாகத் திரும்பும்.

முதல் ஆள், அரசுக் கடன்காரர். வரவேண்டியது 100. அசலில் கை வைக்கவில்லை. வட்டி 2%, அசல் 15 ஆண்டு கழித்து மொத்தமாக. கழிவு விகிதம் (பின்னால் வரும் பணத்தின் மதிப்பை ஆண்டுக்கு எவ்வளவு குறைத்து எண்ணுவது) 5% என்று வையுங்கள். ஆண்டுக்கு 2 வீதம் 15 ஆண்டு வட்டியின் இன்றைய மதிப்பு 20.8. பதினைந்தாம் ஆண்டு வரும் 100இன் இன்றைய மதிப்பு 48.1. கூட்டினால் 68.9.

இரண்டாவது ஆள், பத்திரக்காரர். 100ஐ 73 ஆக வெட்டிவிட்டார். வட்டி 4.4%, 10 ஆண்டில் அசல். ஆண்டு வட்டி 3.21, பத்து ஆண்டுக்கு இன்றைய மதிப்பு 24.8. பத்தாம் ஆண்டு வரும் 73இன் மதிப்பு 44.8. மொத்தம் 69.6.

பார்த்தீர்களா, ஒருவர் ஒன்றுமே வெட்டவில்லை, இன்னொருவர் 27 வெட்டினார், 5%இல் இருவர் இழப்பும் ஏறக்குறைய ஒன்றே.

இப்போது கழிவு விகிதத்தை 8% ஆக்குங்கள். அரசுக் கடன்காரருக்கு 48.6, பத்திரக்காரருக்கு 55.4. சமம் போய்விட்டது. 2% ஆக்கினால் அரசுக் கடன்காரருக்கு அப்படியே 100, அவர் ஒரு காசும் இழக்கவில்லை.

ஆக, எந்த விகிதத்தில் கழிப்பது என்று தீர்மானிக்கும் ஆள்தான் யார் எவ்வளவு தியாகம் செய்தார் என்பதைத் தீர்மானிக்கிறார். நீண்ட தவணை, குறைந்த வட்டி கொடுக்கிற கொள்கை வங்கிக்கு (அரசின் கொள்கைக்காக இயங்கும் அரசு வங்கி) குறைந்த விகிதம் வசதி: "எங்களுக்குப் பணம் திரட்ட ஆகும் செலவே குறைவு, நாங்கள் எதையும் இழக்கவில்லை" என்று தன் நாட்டில் சொல்லிக்கொள்ளலாம். அசல் வெட்டைச் சீனக் கொள்கை வங்கிகள் ஏன் அவ்வளவு எதிர்க்கின்றன என்பதற்கும் இதில் பாதி விடை இருக்கிறது. அசலை வெட்டினால் ஏட்டில் நட்டம் எழுதவேண்டும், அதற்குப் பெய்ஜிங்கில் பல அலுவலகங்களின் ஒப்புதல் வேண்டும். தேதியைத் தள்ளினால் ஏட்டில் 100 அப்படியே நிற்கும்.

பாரிஸ் கிளப் வழக்கப்படி சமநடத்தையை மூன்று அளவில் பார்ப்பார்கள்: திட்டக் காலத்தில் குறைந்த தவணைத் தொகை, நிகழ்கால மதிப்பில் குறைப்பு, தவணைக் காலம் நீண்ட அளவு. மூன்றுக்கும் தலா எவ்வளவு எடை என்ற சூத்திரம் வெளியே எழுதப்பட்டதில்லை.

#8 வடமராட்சியான்

@பத்திரக்காரன் உங்கட கணக்கை ஒட்டி உண்மையான நிபந்தனைகளையும் போடுகிறேன். 2024 யூன் 26 அன்று ஒரே நாளில் இரண்டு கையெழுத்து: பாரிஸில் குழுவோடு புரிந்துணர்வு உடன்படிக்கை, பெய்ஜிங்கில் எக்சிம் வங்கியோடு இறுதி உடன்படிக்கை. முதல் தவணைகள் 2028 வரை தள்ளிப்போயின, திருப்பிச் செலுத்துவது 2043 வரை நீண்டது. குழுவின் கடனுக்கு வட்டி 2.1% அல்லது அதற்குக் கீழே. எக்சிம் உடன்படிக்கையின் முழு நிபந்தனை பொதுவெளியில் இல்லை.

அதற்கு முதல் நடந்த ஓட்டத்தையும் பாருங்கள். 2023 ஒக்டோபரில் எக்சிம் வங்கி கொழும்போடு கொள்கையளவில் உடன்பட்டுவிட்டது. மற்றக் குழு நவம்பர் 29இல். இடையில் குழுவுக்கு ஒரே கேள்வி: சீனாவுக்கு எங்களைவிட நல்லதாக ஏதாவது கொடுத்துவிட்டீர்களா? ஒரு தரப்பு தன் நிபந்தனையைக் காட்டாது, மற்றத் தரப்பு அதைப் பார்க்காமல் கையெழுத்து வைக்காது, நடுவில் கடன்பட்ட நாடு இரண்டு பக்கமும் ஓடவேண்டும். இதைத்தான் நான் "புதிய வல்லரசுகளின் உலக ஒழுங்கு" என்று சொல்வேன். பழைய மேசை இன்னும் இருக்கிறது. புது ஆட்கள் பக்கத்தில் இன்னொரு மேசை போட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் கோப்பைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவன் கடனாளி.

#9 ஏட்டுக்கணக்கு

ஸாம்பியாவை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளியும். 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டி கட்டமுடியாமல் தவறியது. பொதுக் கட்டமைப்புக்குள் விண்ணப்பித்தது. சீனாவும் பிரான்ஸும் இணைத்தலைமை, அதாவது அங்கே ஒரே மேசைதான். அப்படியிருந்தும் 630 கோடி டாலர் உடன்பாடு 2023 ஜூனில்தான் வந்தது. அந்த உடன்பாட்டில் 2037 வரை வட்டி 1%, பொருளாதாரம் நன்றாகப் போனால் பிற்பாடு கூடும்.

அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். 2023 அக்டோபரில் 300 கோடி டாலர் பத்திரக்காரர்களோடு ஒரு உடன்பாடு அறிவித்தார்கள். நவம்பரில் அரசுக் கடன்காரர் குழு அதை நிராகரித்தது, "எங்களுக்குச் சமமாக இவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை" என்று. மறுபடி பேசி 2024 மார்ச்சில் புது உடன்பாடு, ஜூனில் பத்திரப் பரிமாற்றம். தவறிய நாளிலிருந்து மூன்றரை ஆண்டு.

தாமதத்தின் விலையை யாரும் தனி வரியில் எழுதுவதில்லை. கட்டாத வட்டி சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் அதுவே புது அசலாகிவிடும். இலங்கைக்கும் அதே கதை. கட்டாத வட்டிக்குத் தனியாகவே ஒரு பத்திரம் போட்டார்கள், அதில் வெட்டு 11% மட்டும். அசலில் 27% வெட்டியவர்கள் தாமத வட்டியில் அவ்வளவு வெட்டவில்லை. தாமதம் யாருக்கு லாபம் என்று இதைப் பார்த்தாலே தெரியும்.

#10 மலையகக்குரல்

வெளிநாட்டுக் கடன்காரரைப் பற்றி ஒன்பது பதிவு வந்துவிட்டது. உள்நாட்டில் யாரிடம் எடுத்தார்கள் என்பதையும் எழுதவேண்டும்.

2023 யூன் கடைசியில் உள்நாட்டுக் கடன் உகப்பாக்கல் என்று அறிவித்தார்கள். யூலை 1 பாராளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. வெள்ளிக்கிழமை தொடங்கி வங்கி விடுமுறை வைத்து அந்த வார இறுதிக்குள் ஒப்புதலை முடித்தார்கள். திறைசேரி முறிகளை (அரசு உள்நாட்டில் விற்ற ரூபாய்க் கடன்பத்திரங்கள்) மாற்றிக்கொள்ளும்படி கேட்கப்பட்டவர்கள் ஓய்வூதிய நிதியங்கள், அதில் பெரியது ஊழியர் சேமலாப நிதியம். புது முறிக்கு 2025 வரை வட்டி 12%, பிறகு 9%. மாற்ற மறுத்தால் திறைசேரி முறி வருமானத்தின் மேல் வரி 14%இலிருந்து 30%. இதற்குப் பெயர் விருப்பத்தேர்வு.

வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை. அரசு சொன்ன காரணம்: வங்கிகள் ஏற்கெனவே வாராக்கடனிலும் வெளிநாட்டுப் பிணைமுறி நட்டத்திலும் இருக்கின்றன, இன்னும் அடித்தால் வைப்பாளர் பணத்துக்கு ஆபத்து. அந்தக் காரணத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் சேமலாப நிதியத்தில் இருப்பதும் ஒரு தொழிலாளியின் வைப்புத்தானே. தேயிலைத் தோட்டத்தில் இருபத்தைந்து வருடம் கொழுந்து பறித்த பெண் ஓய்வு பெறும்போது மொத்தமாகக் கையில் எடுப்பது அது ஒன்றுதான். 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச்சுட்டி காட்டிய பணவீக்கம் 69.8%. அந்த ஆண்டே அவருடைய சேமிப்பின் உண்மைப் பெறுமதி உருகிவிட்டது. அதற்கு மேல் இந்த மாற்றம்.

வரிசையைப் பாருங்கள். உள்நாட்டு நிதியங்கள் 2023 இலையுதிர்க்கு முதலே முடிந்தன. வெளிநாட்டு அரசுகள் 2024 யூன். பிணைமுறிக்காரர் 2024 டிசம்பர். பேரம் பேசப் பலம் இல்லாதவர் முதல் ஆளாகக் கையெழுத்து வைத்தார்.

#11 நொய்யல்

@மலையகக்குரல் இதை நான் எங்கேயும் இந்த வரிசையில் படித்ததில்லை. ஓய்வூதிய நிதியங்களின் முறிப் பரிமாற்றத்துக்கு ஏன் அவ்வளவு அவசரம்? வெளிநாட்டுப் பேச்சு முடிந்த பிறகு செய்திருக்கலாமே.

#12 பத்திரக்காரன்

#5இல் சொன்ன இரண்டாவது எண்தான் காரணம். மொத்த நிதித்தேவை 13%. அந்தத் தேவையில் பெரும்பகுதி உள்நாட்டுக் கடன். குறுகிய காலத் திறைசேரி உண்டியல்கள் திரும்பத் திரும்ப உருண்டுகொண்டிருந்தன. வெளிநாட்டுக் கடன்காரர்கள் சம்மதிக்கும் முன் "உள்நாட்டில் எவ்வளவு குறைக்கிறீர்கள், காட்டுங்கள்" என்று கேட்டார்கள். பத்திரக்காரர் குழு 2023 பிப்ரவரியிலேயே இதை எழுத்தில் கேட்டது. ஆகவே வெளிநாட்டுக்காரர்கள் பேசவேண்டுமென்றால் உள்நாட்டு விவகாரம் முடிந்திருக்கவேண்டும். கேட்கும் உரிமை அவர்களிடம் இருந்தது, சேமலாப நிதிய உறுப்பினரிடம் இல்லை. மலையகக்குரல் சொன்ன வரிசை தற்செயல் இல்லை.

#13 வடமராட்சியான்

பிணைமுறிக்காரர் பக்கத்தில் இன்னொரு வழக்கும் இருக்கிறது. 2022 யூலையில் முதிர்ந்த 5.875% பிணைமுறி, மொத்தம் 1 பில்லியன். அதில் 250 மில்லியனுக்கும் மேல் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி ஹமில்டன் ரிசேர்வ் வங்கி 2022 யூனிலேயே நியூயோர்க்கில் வழக்குப் போட்டது. எண் தற்செயலானதில்லை. பிணைமுறியின் நிபந்தனையை மாற்ற 75% உரிமையாளர் சம்மதிக்கவேண்டும். 25%க்கு மேல் ஒருவர் கையில் வைத்திருந்தால் அந்த வெளியீட்டை அவர் தனியாளாக முடக்கலாம். 2012இல் வெளியிட்ட பழைய முறி, வாக்கை அந்த ஒரு வெளியீட்டுக்குள்ளேயே எண்ணவேண்டும். பிற்காலத்து முறிகளில் பல வெளியீடுகளைச் சேர்த்து எண்ணும் விதி இருக்கிறது, அங்கே ஒருவர் முடக்குவது மிகக் கடினம்.

அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ் மூன்றும் வழக்கைத் தள்ளிவைக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்டன. சீனாவும் இந்தியாவும் எவ்வளவு பெரிய கடன்வழங்குநர் ஆனாலும், முறி எழுதப்பட்டது நியூயோர்க் சட்டத்தில். அந்த மேசையில் அவர்களுக்குக் கதிரையே இல்லை.

#14 ஏட்டுக்கணக்கு

ஐ.எம்.எஃப். மேசையிலும் கதிரை அளவு பார்த்துவிடலாம். வாக்கு: அமெரிக்கா சுமார் 16.5%, சீனா சுமார் 6.1%, இந்தியா சுமார் 2.6%. பங்கீட்டை (ஒவ்வொரு நாடும் நிதியத்தில் வைத்திருக்கும் பங்குத்தொகை) மாற்ற 85% வாக்கு வேண்டும், ஆகவே அமெரிக்கா ஒன்றே தடுக்க முடியும். 2023 டிசம்பரில் முடிந்த 16ஆவது மீளாய்வில் எல்லார் பங்கையும் 50% கூட்ட முடிவு செய்தார்கள், ஆனால் அவரவர் விகிதத்துக்கு ஏற்ப. யார் பங்கும் மற்றவரோடு ஒப்பிட்டால் நகரவில்லை.

ஒரு நாட்டுக்குக் கடன் ஒப்புதல் தர 85% தேவையில்லை என்பதையும் சொல்லவேண்டும், இதைச் சிலர் குழப்புகிறார்கள். பலருக்குத் தெரியாத இன்னொன்று: நிர்வாக சபையில் இலங்கைக்குத் தனி இருக்கை இல்லை. இந்தியா, வங்கதேசம், பூட்டான், இலங்கை நான்கும் ஒரே இருக்கை, அதில் உட்காருபவர் இந்தியர். கடனாளியின் பேரில் பேசும் இருக்கையும் கடன் கொடுத்த பக்கத்து நாட்டின் இருக்கையும் ஒன்றே.

இலங்கைக்குக் கிடைத்தது 228.6 கோடி எஸ்.டி.ஆர். (நிதியத்தின் சொந்தக் கணக்கு அலகு), அன்றைக்குச் சுமார் 300 கோடி டாலர், அதன் பங்கில் 395%. ஒவ்வொரு மீளாய்வுக்கும் சுமார் 33 கோடி டாலர். 1,255 கோடி டாலர் பத்திரக் கடனுக்கு முன்னால் இது சின்னத் தொகை. ஆனால் இந்தச் சின்னத் தொகையோடு வரும் முத்திரை இல்லாமல் உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் வரவுசெலவுக்குப் பணம் விடாது, பாரிஸில் யாரும் பேசமாட்டார்கள், பெய்ஜிங்கும் நிதியத்தின் கடன் கணக்கை வைத்துத்தான் பேசியது. சீனாவிடம் பணம் இருக்கிறது, இந்தியாவிடம் அண்டை நாட்டு அவசரம் இருக்கிறது. கடன் தாங்குமா என்று கணக்குப்போட்டு எல்லாரும் ஒப்புக்கொள்ளும் முத்திரை குத்த இரண்டு பேரிடமும் ஓர் அமைப்பு இல்லை. என்னைப் பொறுத்தவரை முழு விவகாரத்தின் மையம் இது.

#15 நொய்யல்

அடுத்து இப்படி மாட்டும் நாடு என்ன தயாராக வைத்திருக்கவேண்டும்? நடைமுறையாகச் சொல்லுங்கள்.

#16 பத்திரக்காரன்

முதல் வேலை ஏட்டை நேராக்குவது. ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி: கொடுத்தவர், எந்த நாணயம், எந்த நாட்டுச் சட்டம், எடுத்தது எவ்வளவு, இன்னும் எடுக்காதது எவ்வளவு, பிணையாக எந்த வருமானம், தனிக் கணக்கில் பணம் ஒதுக்கி வைத்திருக்கிறதா, அரசு நிறுவனக் கடன் என்றால் திறைசேரி உத்தரவாதம் உண்டா. இதைக் கடன்காரரின் ஏட்டோடு ஒத்துப் பார்க்கவேண்டும். பிந்திய வட்டியை இருவரும் ஒரே மாதிரி எண்ணுவதில்லை, அங்கேயே மாதக்கணக்கில் போய்விடும்.

அடுத்து வெட்டுத்தேதி. அதற்கு முந்தைய கடன்தான் மறுசீரமைப்புக்கு வரும், பிந்தையது தப்பும். நெருக்கடியில் புதிதாகக் கொடுப்பவரைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் எந்தத் தேதி என்பதில் கடன்காரர்களுக்குள்ளேயே சண்டை வரும். கானா 2023இல் இதில் சிக்கி நின்றது. பிணையுள்ள கடன் இருந்தால் அதை முதல் நாளே சொல்லிவிடவேண்டும். சாட் நாட்டில் எண்ணெயைப் பிணையாக வைத்த கிளென்கோர் கடன்தான் முழு மறுசீரமைப்பையும் இழுத்தடித்தது.

மூன்றாவது, சமநடத்தை விதி எழுதும்போது இரு மேசைக்கும் ஒரே வாசகம். ஒருவருக்குப் பின்னால் கூடுதலாகக் கொடுத்தால் மற்றவருக்கும் தானாகக் கிடைக்கும் என்ற விதியைக் கடன்காரர்கள் கேட்பார்கள். அதை ஏற்றால் பிறகு யாரோடும் தனிப் பேரம் கிடையாது என்று தெரிந்தே ஏற்கவேண்டும்.

#17 மலையகக்குரல்

பிணைமுறிக்காரருக்குக் கொடுத்த "பேரினப் பொருளாதார இணைப்பு" முறி பற்றிச் சொல்லவில்லையே. பொருளாதாரம் வளர்ந்தால் கூடக் கட்டவேண்டும் என்கிறார்கள். வளர்ச்சி எப்படி அளக்கிறார்கள்?

#18 பத்திரக்காரன்

2025–27 மூன்று ஆண்டின் சராசரி ஜிடிபி, டாலரில், விலைவாசி உட்பட. நிதியத்தின் அடிப்படை மதிப்பீடு 88.6 பில்லியன் டாலர். அதைவிடக் கணிசமாக மேலே போனால் வெட்டிய அசலில் ஒரு பகுதி திரும்ப ஏறும், வட்டியும் கூடும். கீழே போனால் வெட்டு ஆழமாகும். உண்மை வளர்ச்சிக்கு ஒரு துணை நிபந்தனையும் வைத்தார்கள்.

டாலர் ஜிடிபி என்பதில்தான் சிக்கல். ரூபாயில் ஜிடிபி 30 டிரில்லியன் என்று வையுங்கள். டாலர் 360 ரூபாயாக இருந்தால் அது 83 பில்லியன். டாலர் 300 ரூபாய் ஆனால் 100 பில்லியன். நாட்டில் ஒரு மூட்டை நெல்கூடக் கூடுதலாக விளையவில்லை, ஆனால் முறி கூடுதலாகக் கட்டச் சொல்லும். இது கற்பனை இல்லை. 2022 நடுவில் டாலர் 360 ரூபாய், 2024இல் 300க்கு அருகில். 2024 ஜிடிபியே சுமார் 99 பில்லியன் டாலர் என்று மத்திய வங்கி காட்டியது. உடன்பாடு அறிவித்த 2024 செப்டம்பரில் 88.6 என்ற அடிப்படை ஏற்கெனவே பழசாகிவிட்டிருந்தது. ஏற்றுமதி வருமானத்தோடோ வரி வருமானத்தோடோ இணைத்திருந்தால் கட்டும் சக்தி கூடினால்தான் கட்டணம் கூடியிருக்கும். பேரத்தில் அது போடப்படாதது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

#19 வடமராட்சியான்

அதோடு தேதிகளையும் சேர்த்து வாசியுங்கள். முறி அளவீட்டின் முடிவு 2028இல் வரும். அரசுகளின் தவணை தொடங்குவதும் 2028. 4.5% உச்சவரம்பு ஏற்கெனவே 2027இலிருந்து ஓடும். குழு உடன்படிக்கை கையெழுத்தானதோடு வேலை முடியவில்லை, ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனி இருதரப்பு ஒப்பந்தம் எழுதவேண்டியிருந்தது. ஜப்பானோடு 2025 மார்ச்சில்தான் முடிந்தது.

தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் காலாண்டு ஜிடிபி வெளியிடும்போது, அந்தக் காலாண்டின் சராசரி டொலர் விலையையும் சேர்த்து இங்கே போடுகிறேன். @பத்திரக்காரன், சராசரி எந்த முறையில் எடுக்கவேண்டும் என்று முறி ஆவணத்தில் இருக்கும் வாசகத்தைத் தமிழில் எழுதித் தந்தால் எல்லாரும் ஒரே கணக்கில் பார்க்கலாம்.